மழைக்கு முன் ஃப்ளூ ஊசி: நெல்லைச் சீமையில் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் முறை

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், "மருந்துக்கடைக்குப் போனேன், அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டுவிட்டார்கள்" என்று தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுவிட்டு, நம் ஊர் மெடிக்கலிலும் அப்படியே சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்கும் பெற்றோர் பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் இருக்கிறார்கள். அந்த நாடுகளில் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தடுப்பூசி போடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே மருந்துக்கடையின் வேலை, மருந்தைக் குளிரில் பாதுகாத்து வைத்து, மருத்துவரின் சீட்டைப் பார்த்து விற்பதோடு முடிகிறது. ஊசி போடுவது மருத்துவரோ, அவருடைய பொறுப்பில் பணிபுரியும் செவிலியரோதான். ஆகவே நெல்லையில் ஃப்ளூ ஊசி என்பது இரண்டு இடங்களில் நடக்கும் காரியம். அந்த இரண்டுக்கும் நடுவே, கடையின் ஃப்ரிட்ஜிலிருந்து கிளினிக் வரைக்கும், மருந்தைக் காக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் யாரும் நமக்கு விளக்கமாகச் சொல்வதில்லை என்பதால், இந்தக் குறிப்பில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இந்த ஊசி யாருக்கு அவசியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதக் குழந்தை முதல் எந்த வயதினரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ சாதாரணச் சளிக்காய்ச்சலாக நின்றுவிடாமல் நிமோனியா வரைக்கும் கொண்டுபோகக்கூடும் என்பதால், அவர்கள் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பல ஆண்டுகளாகப் பீடி சுற்றி, இருமலோடும் இளைப்போடும் வாழும் பெண்களை இந்த வரிசையில் யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. நெஞ்சு ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும் அவர்களை அழைத்துப் போக வேண்டியது வீட்டில் படித்த பிள்ளைகளின் கடமை என்றே நான் கருதுகிறேன். ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தாயும் ஆச்சியும் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு.

அரசு எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகப் போடும் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி சேரவில்லை. அதனால்தான் இதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு ஊசியின் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கர்ப்பிணிகளும் மருத்துவப் பணியாளர்களும் மட்டும் காசு செலவழிப்பதற்கு முன் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எந்த மாதத்தில் போட்டுக்கொள்வது என்பதில்தான் நம் பகுதிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஊசி போட்டுக்கொள்ளும்படி பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சென்னையிலும் வேலூரிலும் எடுத்த கணக்கில், அங்கே வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் தெரிந்தது. நெல்லைச் சமவெளிக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்தவர்கள் செப்டம்பர் மாதத்தில், பிந்திப்போனாலும் புரட்டாசி முடிவதற்குள், ஊசியைப் போட்டுக்கொள்வது பொருத்தம் என்பது என் எண்ணம். ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகும். அடைமழை தொடங்கிப் பக்கத்து வீட்டில் நாலு பேர் இருமும்போது ஓடினால், அந்த இரண்டு வாரம் நமக்குக் கிடைக்காது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு போன்ற மலையடிவார ஊர்களில் ஆனி, ஆடிச் சாரலிலேயே சளியும் காய்ச்சலும் சுற்றத் தொடங்கிவிடும். அங்கே இருக்கும் ஆஸ்துமா நோயாளிகள் மே மாதமே போட்டுக்கொள்வதா, செப்டம்பர் வரை காத்திருப்பதா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். மாதம் தவறிவிட்டது என்று அந்த ஆண்டே விட்டுவிடுவது மட்டும் சரியல்ல.

ஒன்பது வயது நிரம்பாத குழந்தை வாழ்க்கையில் முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதாக இருந்தால், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும். இரண்டாவது தவணைக்குப் பிறகு இரண்டு வாரம் என்றும் சேர்த்துப் பார்த்தால், ஐப்பசிக்கு முன் முழுப் பாதுகாப்பு கிடைப்பதற்கு முதல் ஊசியை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவதுதான் நிதானமான வழி.

இனி செய்ய வேண்டிய காரியங்களுக்கு வருவோம். முதலில் போக வேண்டியது மருந்துக்கடைக்கு அல்ல, மருத்துவரிடம். வழக்கமாகச் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ பார்க்கும் மருத்துவரே போதும். குழந்தைக்குக் குழந்தை மருத்துவர். அவரிடம் சில விஷயங்களை நாமாகவே சொல்லிவிட வேண்டும்: இதற்கு முன் எந்தத் தடுப்பூசிக்காவது மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு போன்ற கடுமையான ஒவ்வாமை வந்ததா, முட்டை சாப்பிட்டால் அலர்ஜி உண்டா, ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே என்ற நரம்புக் கோளாறு எப்போதாவது வந்திருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா, கர்ப்பமா என்பவை அவை. இவற்றில் பல, ஊசியைத் தடுக்கும் காரணங்கள் அல்ல. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்தால் போதும் என்று மருத்துவரே சொல்லக்கூடும். கர்ப்பிணிகளுக்குக் கையில் போடும் ஊசி பாதுகாப்பானது. மூக்கில் சொட்டாகவோ தூவியோ விடும் உயிருள்ள வைரஸ் மருந்து அவர்களுக்குக் கூடாது. காய்ச்சல் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும் நாளில் போகாமல், அது தணிந்த பிறகு போவது நல்லது; லேசான மூக்கொழுகல் ஒரு தடையே அல்ல.

அப்போதே இன்னும் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "டாக்டர், நீங்களே மருந்து வைத்திருக்கிறீர்களா, நாங்கள் வாங்கி வர வேண்டுமா?" குழந்தை மருத்துவர்கள் பலர் தங்கள் கிளினிக்கிலேயே தடுப்பூசிக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பார்கள், பெரிய தனியார் மருத்துவமனைகளில் மருந்தகமும் ஊசி போடும் அறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட இடம் கிடைத்தால், சில ரூபாய் கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மருந்து வெயிலைப் பார்க்காமலே நம் கைக்குள் போய்விடும். அது இல்லாதவர்களுக்குத்தான் அடுத்து வரும் பகுதி.

சீட்டு வாங்கியதும் கடைக்குத் தொலைபேசி செய்து விசாரியுங்கள். ஃப்ளூ ஊசியை எல்லா மெடிக்கலும் இருப்பு வைப்பதில்லை. வண்ணார்பேட்டை, ஜங்ஷன், ஹைகிரவுண்ட் சாலைப் பக்கம் உள்ள பெரிய கடைகளில் இருக்கும், அல்லது சொன்னால் மறுநாள் வரவழைத்துத் தருவார்கள். வாக்சிகிரிப், இன்ஃப்ளுவாக், வாக்சிஃப்ளூ, ஃப்ளூவாரிக்ஸ் போன்ற பெயர்களில் இவை விற்கப்படுகின்றன. மருத்துவர் எழுதிய பெயர் இல்லாவிட்டால், கடைக்காரர் தரும் மாற்றை அவரிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பெட்டியில் மூன்று வகை வைரஸுக்கான மருந்து என்று இருந்தாலும் நான்கு வகை என்று இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். நான்காவதாக இருந்த பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் அது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். நான்கு என்ற எண்ணுக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். "அண்ணாச்சி, இது எந்த வருசத்து மருந்து? பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் அடுத்த பருவத்தில் எந்தெந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. அதன்படி புதிய மருந்து தயாராகி வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. பெட்டியின் மேல் வட அரைக்கோள மருந்தாக இருந்தால் 2025-2026 என்பதுபோல் இரண்டு ஆண்டுகளும், தென் அரைக்கோள மருந்தாக இருந்தால் ஒரே ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் கிடைப்பதில் மிகப் புதிய பருவத்தினுடையதை வாங்குங்கள். செப்டம்பரில் வாங்கும்போது போன குளிர்காலத்து மருந்து கையில் வந்தால், காலாவதி தேதி மிச்சம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பேட்ச் எண், காலாவதி மாதம், அதிகபட்ச விலை, எந்த வயதினருக்கானது என்பவற்றைப் பார்த்து, கண்டிப்பாக பில் வாங்குங்கள். மருந்து எந்த ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; நல்ல கடையில் ஃப்ரிட்ஜின் கதவிலோ உள்ளேயோ வெப்பமானி இருக்கும், மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்கும், வெப்பநிலையை நாள்தோறும் எழுதி வைக்கும் நோட்டும் இருக்கும். குளிர்பானப் பாட்டில்களுக்கு நடுவிலிருந்தோ, மேலே பனி படர்ந்த உறைபெட்டியிலிருந்தோ எடுத்துக் கொடுத்தால் அந்த மருந்து வேண்டாம்.

இனிதான் முக்கியமான பகுதி. சூடு இந்த மருந்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் இது கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு முறை உறைந்த ஃப்ளூ மருந்தைப் போடாமல் தூக்கி எறிய வேண்டும் என்றே தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். அது உறைந்து உருகியதா என்பதைக் கண்ணால் பார்த்து நம்மால் கண்டுபிடிக்கவும் முடியாது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில், வேலை பார்க்கும் தம்பி ஊசிப் பெட்டியை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, அதன் மேலேயே ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டிகளைக் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய அம்மா வாசற்படி இறங்குவதற்குள் அட்டைப்பெட்டி நனைந்து, பேட்ச் எண் இருந்த பக்கம் ஊறிப் போயிருந்தது. உள்ளே சிரிஞ்சு பனிக்கட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அந்தத் தம்பி நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் சரியான முறை வேறு.

வீட்டிலிருந்தே ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டியையோ, வாய் அகன்ற ஃப்ளாஸ்கையோ, ஒரு ஐஸ் பேக்கையும் கொண்டு போங்கள். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தக்கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். தடுப்பூசி முகாம்களுக்கு மருந்து கொண்டு போகும் கிராம சுகாதார செவிலியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு அதை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்து, ஊசிப் பெட்டியை ஈரம் படாமல் ஒரு உறையில் போட்டு, இடையில் மடித்த செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்து மேலே வையுங்கள். குளிர்ச்சி சுற்றி இருக்க வேண்டும், பனி நேரடியாகத் தொடக்கூடாது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இதை வைக்காதீர்கள், அந்த இடம் என்ஜின் சூட்டில் கொதிக்கும். காரின் முன்கண்ணாடி ஓரத்திலும் வேண்டாம். கையிலேயே பிடித்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

இவ்வளவு ஏற்பாட்டையும் விட மேலானது, வழியின் தூரத்தைக் குறைப்பது. அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ இருப்பவர் திருநெல்வேலியில் மருந்து வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார்ந்து ஊருக்குக் கொண்டு வந்து போட்டுக்கொள்வதை விட, திருநெல்வேலியிலேயே கடைக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் போட்டுக்கொண்டு திரும்புவது பல மடங்கு நல்லது. ஊரிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்றால், உள்ளூர் மருந்துக்கடையில் முன்கூட்டிச் சொல்லி வரவழையுங்கள்; மொத்த வியாபாரியிடமிருந்து அது குளிர்பெட்டியில் வரும். மருத்துவர் மாலை ஆறு மணிக்குத்தான் உட்காருவார் என்றால், காலையிலேயே மருந்தை வாங்கி வைக்காமல், அவர் வந்துவிட்டார் என்று தொலைபேசியில் உறுதி செய்துகொண்ட பிறகே கடையில் வாங்குங்கள். எப்படியோ வீட்டில் சில மணி நேரம் வைக்க நேர்ந்துவிட்டால், ஃப்ரீசரிலும் வேண்டாம், கதவுத் தட்டிலும் வேண்டாம். நடுத் தட்டில், பின்சுவரைத் தொடாமல், பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள். இந்த மருந்துக்கு வெளிச்சமும் ஆகாது. இடையில் நீண்ட நேரம் மின்சாரம் போயிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் போட்டு வாங்கியது வீணாகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனாலும் வீரியமற்ற ஊசியைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று ஓர் ஆண்டு நம்பியிருப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கிளினிக்குக்குப் போகும்போது மேல்கையை எளிதாகத் திறந்து காட்டும் உடை உடுத்துங்கள். பெண்கள் கை இறுக்கமான ரவிக்கையைத் தவிர்ப்பது நல்லது. தோளுக்குக் கீழே உள்ள தசையில் போட வேண்டிய ஊசியை, துணி நகராததால் கீழே தள்ளிப் போட நேரக்கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். பெரும்பாலும் மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு இது. அரை மில்லி அளவு. பெட்டியை நம் கண் முன்னே பிரிக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் சிரிஞ்சிலும் அதே பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். செவிலியர் அதைச் சிறிது நேரம் வெளியில் வைத்து, லேசாகக் குலுக்கிவிட்டுப் போடுவார். போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்க வேண்டாம். நிமோனியா தடுப்பூசியும் போட வேண்டியிருக்கும் பெரியவர்கள், அதே நாளில் மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான்.

ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும், அந்த நேரத்தில் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், உடனே 108ஐ அழையுங்கள்.

மறுநாள் கை வலிக்கும். சிலருக்கு உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். இது ஃப்ளூ அல்ல. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் என்பதால் அதனால் ஃப்ளூ உண்டாக முடியாது. தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆனால் நம் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் என்பது டெங்குக் கொசுவின் காலமும் கூட. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டி நீடித்தாலோ, உயரமாக அடித்தாலோ, ஊசியால்தான் என்று சும்மா இருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம். ஃப்ளூ ஊசி டெங்குவையோ எலிக்காய்ச்சலையோ தடுக்காது. ஃப்ளூவையும் முற்றாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. மருந்தும் அந்த ஆண்டு பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை அது குறைக்கிறது. மீறி வந்தாலும் ஐ.சி.யூ. வரைக்கும் போகும் நிலையைப் பலருக்குத் தவிர்க்கிறது. எழுபது வயதில் சர்க்கரையோடு இருக்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாக, பெட்டியிலோ சிரிஞ்சிலோ உரித்தெடுக்கும் ஸ்டிக்கர் இருந்தால் அதை மருத்துவக் கோப்பில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் எந்தக் கை என்பதும் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் கையால் எழுதினாலும் சரி. குழந்தைக்கு இரண்டாவது தவணை இருந்தால், அதற்கான தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு, வெளியே வரும்போதே கடையில் சொல்லி வையுங்கள். மழை தொடங்கிய பிறகு கேட்பவர்கள் கூடிவிடுவதால், நான்கு வாரம் கழித்துப் போய்க் கேட்கும்போது இருப்பு தீர்ந்திருக்கக்கூடும்.